ஃப்ரேசர் டால்பின்: லட்சக்கணக்கில் இருந்தும் கண்ணில் படாத கடல்வாசி

ஃப்ரேசர் டால்பினைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "அரிய இனம்" என்றே தொடங்குகிறார்கள். அது சரியில்லை. 1986 முதல் 1990 வரை கிழக்குப் பசிபிக்கின் வெப்பமண்டலப் பகுதியில் நடந்த கப்பல் கணக்கெடுப்புகளிலிருந்து கிடைத்த மதிப்பீடு 2,89,300. அது ஒரு கடற்பரப்புக்கான எண் மட்டுமே. வெப்பமண்டலக் கடல்கள் மூன்றிலும் இந்த இனம் வாழ்கிறது. எண்ணிக்கையில் குறைவில்லாத ஒரு பாலூட்டி, இரண்டரை மீட்டர் நீளமுள்ளது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வந்தே ஆகவேண்டியது. அப்படியும் அதன் முழு உடல் 1971 வரை அறிவியலின் கைக்கு வரவில்லை. ஏன் என்று பார்த்தால் டால்பினின் வாழ்க்கையும் தெரியவரும், கடலில் நாம் எப்படித் தேடுகிறோம், எப்படி எண்ணுகிறோம் என்பதிலுள்ள ஓட்டைகளும் தெரியவரும்.

முதலில் கிடைத்தது எலும்புக்கூடு. போர்னியோ தீவின் சரவாக்கில் அரசு அதிகாரியாகவும் இயற்கை ஆர்வலராகவும் இருந்த சார்லஸ் ஹோஸ், பாரம் பகுதியில் லுத்தோங் ஆற்று முகத்துவாரத்தில் கிடைத்த எலும்புகளை 1895 வாக்கில் லண்டனுக்கு அனுப்பினார். அவை அருங்காட்சியகத்தில் அறுபது ஆண்டுகள் கிடந்தன. அங்கே பணியாற்றிய பிரான்சிஸ் சார்லஸ் ஃப்ரேசர் 1956-இல் அவற்றை ஆராய்ந்து, இது அதுவரை பெயரிடப்படாத இனம் என்று அறிவித்தார். அவர் சூட்டிய பெயர் லாஜெனோடெல்ஃபிஸ் ஹோஸெய். மண்டையோட்டில் லாஜெனோரிங்கஸ் பேரினத்தின் சாயலும் டெல்ஃபினஸ் பேரினத்தின் சாயலும் கலந்திருந்ததால் இரண்டு பெயர்களையும் இணைத்துப் புதுப் பேரினம் அமைத்தார். இனப்பெயர் ஹோஸின் நினைவாக வந்தது.

அதற்குப் பிறகும் பதினைந்து ஆண்டுகள் அந்த எலும்புகளுக்கு உடல் கிடைக்கவில்லை. தோல் என்ன நிறம், துடுப்பு என்ன வடிவம், எதுவும் தெரியாது. 1971-ஐ ஒட்டிய காலத்தில் கிழக்குப் பசிபிக்கின் சூரை வலைகளிலும் தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியக் கரைகளிலும் இனம் தெரியாத டால்பின்கள் கிடைத்தன. வில்லியம் பெரினும் சக ஆய்வாளர்களும் மண்டையோடுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை எல்லாம் ஃப்ரேசரின் இனமே என்று தெளிவானது. அவர்களின் அறிக்கை 1973-இல் வெளியானது. ஒன்றுக்கொன்று பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடங்களில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கிடைத்ததே ஒரு செய்தி: இது எங்கோ மூலையில் ஒளிந்திருந்த விலங்கு கிடையாது.

மண்டையோட்டைத் திருப்பிப் பார்த்தால், மேலண்ணத்தில் இருபுறமும் நீளவாக்கில் ஆழமான இரண்டு பள்ளங்கள் ஓடும். டெல்ஃபினஸ் பேரினத்தைச் சேர்ந்த பொது டால்பினுக்கும் இந்தப் பள்ளங்கள் உண்டு. ஆனால் அதன் மூக்கு நீண்டு ஒடுங்கியது. ஃப்ரேசர் டால்பினின் மூக்கெலும்போ அகன்று குட்டையாக இருக்கும். 1999-இல் வெளியான டிஎன்ஏ ஒப்பீடு, இந்த இனத்தை டெல்ஃபினஸ், ஸ்டெனெல்லா, டர்ஸியாப்ஸ் ஆகிய டால்பின் பேரினங்களின் கூட்டத்தில் வைத்தது. லாஜெனோரிங்கஸ் சாயல் வெளித்தோற்றம் மட்டுமே. அண்ணத்துப் பள்ளம் சொன்னதே உண்மையான உறவு. எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு ஃப்ரேசர் அந்த உறவைப் பாதியாவது பிடித்துவிட்டார் என்பது அவருடைய கண்ணின் கூர்மைக்குச் சான்று.

உயிருடன் பார்க்கும்போது முதலில் படுவது உடலின் அளவுக்குப் பொருந்தாத சின்ன உறுப்புகள். வளர்ந்த விலங்கு 2.7 மீட்டர் நீளமும் 210 கிலோ எடையும் வரை எட்டும். உடல் தடித்துத் திரண்டிருக்கும். ஆனால் மூக்கு கட்டையாக, சில சென்டிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். முதுகுத் துடுப்பு சிறிய முக்கோணம்; பக்கத் துடுப்புகளும் வால் துடுப்பும்கூடச் சிறியவை. முதுகு நீலம் கலந்த சாம்பல் அல்லது பழுப்புச் சாம்பல், வயிறு வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. இரண்டுக்கும் நடுவே முகத்திலிருந்து கண் வழியாக மலத்துளை வரை ஒரு கரும்பட்டை ஓடுகிறது. பட்டை எல்லாவற்றுக்கும் ஒரே அடர்த்தியில் இருக்காது. முதிர்ந்த ஆணிடம் அகன்று கறுத்து முகத்தையே மூடியதுபோல் இருக்கும், பெண்களிடம் நடுத்தரம், இளசுகளிடம் சில நேரம் தெரியவே தெரியாது. முதிர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பு நிமிர்ந்தும், வாலுக்கு முன்னால் அடிப்புறம் புடைத்தும் இருக்கும். கூட்டத்தில் பட்டை இல்லாத இளசு ஒன்றை மட்டும் பார்த்து இனத்தை முடிவு செய்தால் தவறாகத்தான் போகும். கூட்டம் முழுவதிலும் கண்ணை ஓட்டி, பட்டை கறுத்த ஆண் ஒன்றையாவது கண்டுபிடிக்க வேண்டும்.

அதிகம் குழப்புவது கோடுடைய டால்பின். அதற்கும் கண்ணிலிருந்து மலத்துளை வரை கோடு உண்டு. ஆனால் அது மெல்லியது. மூக்கு தெளிவாக நீண்டிருக்கும், முதுகுத் துடுப்பு உயர்ந்து பின்னோக்கி வளைந்திருக்கும், முதுகுத் துடுப்பை நோக்கி வெளிர்நிறத் தீற்றல் ஒன்று மேலேறும். குழப்பும் இன்னொன்று மெலன்-ஹெட் திமிங்கிலம்; பெயரில் திமிங்கிலம் என்றாலும் அது டால்பின் குடும்பம்தான். அதற்கு மூக்கே கிடையாது, தலை உருண்டை, துடுப்பு உயரம். இதில் ஒரு சிக்கல் உண்டு: ஃப்ரேசர் டால்பின்கள் மெலன்-ஹெட் திமிங்கிலங்களோடு சேர்ந்தே நீந்துவது வழக்கம். தொலைவிலிருந்து பெரிய துடுப்புகளே கண்ணில் படுவதால், கலந்த கூட்டம் முழுவதும் மெலன்-ஹெட் என்று பதிவாகிவிடும்.

இனி அவை வாழும் இடத்துக்கு வருவோம். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 30 பாகை வரை, பொதுவாக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடல். கரையோரம் பார்க்க முடிகிற இடங்கள் எல்லாம் கண்டத்திட்டு குறுகி, கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக இறங்கும் இடங்கள்: பிலிப்பைன்ஸ் தீவுகளின் இடைக்கடல்கள், கரீபியனின் சிறிய அண்டிலிஸ் தீவுகள். மற்ற இடங்களில் கரையிலிருந்து வெகுதூரம் போனால்தான் உண்டு. சுற்றுலாப் படகும் பெரும்பாலான ஆய்வுப் படகும் அவ்வளவு தூரம் போவதில்லை. காணாமல் போனதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆழக்கடலோடு அதைக் கட்டிப்போட்டிருப்பது உணவு. உடலில் ஒளிப்புள்ளிகள் கொண்ட சின்ன மீன்கள், கணவாய்கள், ஆழ்கடல் இறால்கள் ஆகியவை பகலில் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் கிடந்து, இரவில் மேலேறி வருகின்றன. பல டால்பின்கள் இரவில் அவை மேலே வரும்வரை காத்திருக்கும். ஃப்ரேசர் டால்பின் தானே கீழே இறங்குகிறது. பிலிப்பைன்ஸின் சூலு கடலில் லூயெல்லா டோலாரும் சக ஆய்வாளர்களும் வலைகளில் சிக்கி இறந்த டால்பின்களின் இரைப்பைகளை ஆராய்ந்தார்கள். அதே கடலில் வாழும் ஸ்பின்னர் டால்பின்கள் பெரும்பாலும் மேல் 200 மீட்டருக்குள் இரை பிடிக்க, ஃப்ரேசர் டால்பின்கள் மேற்பரப்பு முதல் குறைந்தது 600 மீட்டர் வரையுள்ள இரைகளைத் தின்றிருந்தன. பிடித்த இரையும் அளவில் பெரியது. ஒரே கடலில் இரண்டு இனங்கள் ஆழத்தைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன.

இரண்டரை மீட்டர் உடலுக்கு 600 மீட்டர் என்பது பெரிய ஆழம். அதற்கான விடை தசையில் இருக்கிறது. ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம், வளர்ந்த ஃப்ரேசர் டால்பினின் முதுகுத் தசையில் 100 கிராமுக்கு 6.8 முதல் 7.2 கிராம் வரை இருப்பதை டோலார் குழு 1999-இல் அளந்து வெளியிட்டது. ஸ்பின்னரிடம் அது 5 முதல் 6 கிராம். இரண்டுமே, அதற்கு முன் மற்ற சிறு டால்பின்களில் அளந்ததைவிட அதிகம். உடலின் மொத்த மயோகுளோபினில் 82 முதல் 86 விழுக்காடு நீந்தும் தசைகளிலேயே இருக்கிறது. முக்குளிக்கும்போது வேலை செய்யும் தசை தன் ஆக்ஸிஜனைத் தன்னிடமே வைத்திருப்பதால், இரத்தத்தில் உள்ளதை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சம் பிடிக்க முடிகிறது. குட்டிகளிடம் இந்தச் சேமிப்பு இன்னும் உருவாகியிருக்காது. வளர்ந்தவற்றில் குட்டிகளைப்போல் மூன்று நான்கு மடங்கு மயோகுளோபின் உண்டு. அதனால் தாய் இறங்கும் ஆழத்துக்குக் குட்டியால் இறங்க முடியாது.

கூட்டம் பெரிது, நூறு முதல் ஆயிரம் வரை. ஆனால் சிதறிப் பரந்து நீந்தாமல், ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாகப் போகும். கிழக்குப் பசிபிக்கில் கப்பல் நெருங்கினால் அவை ஓட்டமெடுக்கின்றன. மேலே உயராமல், நீரை ஒட்டித் தாழ்வாகப் பாய்ந்து, பின்னால் நீண்ட வெள்ளை நுரையை எழுப்பிக்கொண்டு போகும். தொலைநோக்கியில் தெரிவது பெரும்பாலும் அந்த நுரைதான். பட்டையோ மூக்கோ தெரியாது. சூரைப் படகுகள் டால்பின் கூட்டங்களைத் துரத்தி வலை போட்ட கடல் அது என்பதை மறக்கக்கூடாது. பிலிப்பைன்ஸ் கடல்களிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் இதே இனம் கப்பலின் முன்னலையில் சவாரி செய்வதையும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே "கூச்ச சுபாவமுள்ள இனம்" என்று கையேடுகளில் எழுதுவதைவிட, எந்தக் கடலில் என்று சேர்த்து எழுதுவதே நேர்மை.

இப்படிப்பட்ட விலங்கை எண்ணுவது எப்படி? கப்பல் முன்கூட்டியே வகுத்த நேர்கோடுகளில் மணிக்கு சுமார் 10 கடல்மைல் வேகத்தில் போகும். மேல்தளத்தில் இடமும் வலமும் தலா ஒருவர் 25 மடங்கு பெரிதாக்கும், தாங்கியில் பொருத்திய பெரிய தொலைநோக்கியில் பார்ப்பார். நடுவில் நிற்பவர் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிவு செய்வார். கண் சோராமலிருக்க இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். கூட்டம் தெரிந்ததும் கோணத்தையும் தூரத்தையும் குறித்துக்கொண்டு, கப்பல் கோட்டைவிட்டு விலகி அருகே போகும். அங்கே இனத்தை உறுதி செய்வார்கள். பிறகு ஒவ்வொருவரும் மற்றவரிடம் பேசாமல், தனக்குப் பட்ட எண்ணிக்கையைக் குறைந்தபட்சம், அதிகபட்சம், சரியாக இருக்கக்கூடியது என்று மூன்றாக எழுதுவார். பேசினால் ஒருவர் எண் மற்றவர் எண்ணை இழுத்துவிடும்.

கணக்கு இப்படிப் போகும். கற்பனை எண்களை வைத்தே பார்க்கலாம். கப்பல் 5,000 கிலோமீட்டர் ஓடுகிறது. கோட்டிலிருந்து இருபுறமும் தலா 3 கிலோமீட்டர் நன்றாகத் தேடப்பட்டது என்று தூரக் குறிப்புகளிலிருந்து கணக்காகிறது. தேடிய பரப்பு 30,000 சதுர கிலோமீட்டர். இரண்டு கூட்டங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் 300. ஆக 600 விலங்குகள். சதுர கிலோமீட்டருக்கு 0.02. மொத்தக் கடற்பரப்பு பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் என்றால் விடை 20,000. இப்போது இன்னொரு கூட்டம் கூடுதலாகக் கண்ணில் பட்டிருந்தால் விடை 30,000. ஒன்று தவறியிருந்தால் 10,000. காலை ஏழு மணிக்கு மழை மறைத்ததா இல்லையா என்பதே பத்தாயிரம் விலங்குகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். நெருங்கிய பெரிய கூட்டங்களாகத் திரியும் இனத்துக்கு இந்தச் சிக்கல் மற்ற இனங்களைவிட அதிகம். கோட்டின் நேர்மேலேயே இருந்தும் முக்குளித்திருந்ததால் தவறியவை, அலை எழும்பியதால் தவறியவை, கப்பலைக் கேட்டு முன்னமே ஓடியவை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருத்தம் வேறு போடவேண்டும்.

ஹவாய் கடற்பரப்பில் இது நிஜமாகவே நடந்தது. 2002-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முதலில் வெளியான மதிப்பீடு 10,226. 2010-க்கு வந்தது 51,491. எட்டே ஆண்டில் ஐந்து மடங்கு! டால்பின்கள் அப்படிப் பெருக முடியாது. திமிங்கில, டால்பின் இனங்கள் ஆண்டுக்கு அதிகபட்சம் 4 விழுக்காடு அளவில்தான் பெருகும் என்றே மேலாண்மைக் கணக்குகள் வைக்கின்றன. ஐந்து மடங்காக ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். மாறியது டால்பின்களின் எண்ணிக்கையைவிட, அந்தந்த ஆண்டில் எத்தனை கூட்டம் கண்ணில் பட்டது என்பதும் கணக்கிட்ட முறையுமே. ஒற்றை எண்ணை மட்டும் எடுத்துத் தலைப்பாக்குவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. எண்ணோடு அதன் பிழை அளவையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

கடலில் இவ்வளவு தடுமாற்றம் இருப்பதால், கரையொதுங்கும் ஒவ்வொரு உடலும் மதிப்புள்ளது. 1984-இல் பிரான்சின் பிரிட்டனி பகுதிக் கரையில் ஒரு கூட்டமே ஒதுங்கியது. 1996-இல் ஸ்காட்லாந்தின் சவுத் யூஸ்ட் தீவில் ஒன்று. இரண்டும் இந்த இனத்தின் வழக்கமான எல்லைக்கு மிக வடக்கே இருப்பவை. அவற்றை வைத்து வரைபடத்தில் எல்லையை நீட்டக்கூடாது. வழக்கத்தைவிட வெதுவெதுப்பான நீர் வடக்கே போகும்போது கூடவே போய்ச் சிக்கியவையாகப் பார்ப்பதே பொருந்தும்.

உடல் கிடைத்தால் செய்யவேண்டியவற்றில் வரிசை முக்கியம். கையுறையும் முகமூடியும் முதலில். டால்பினிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லா போன்ற நுண்ணுயிர்கள் உண்டு. அடுத்தது புகைப்படம், எதையும் நகர்த்துவதற்கு முன்னால். இறந்த சில மணி நேரத்திலேயே வெயில் பட்ட தோல் கறுக்கத் தொடங்கும். பட்டை பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். நிறத்தை வைத்து இனம் சொல்லும் வாய்ப்பு அதோடு போய்விடும். இரண்டு பக்கமும், தலை நெருக்கமாகவும், முதுகுத் துடுப்பு தனியாகவும், அடிப்புறத் துளைகள் தெரியும்படியும், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்கவேண்டும். நீளத்தை மேல்தாடை நுனியிலிருந்து வால் துடுப்பின் நடுப்பிளவு வரை, உடலுக்கு இணையாக நேர்கோட்டில் அளக்கவேண்டும். நாடாவை உடலின் வளைவின்மேல் போட்டு அளப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அது நீளத்தைக் கூட்டிக்காட்டும், முதிர்ந்ததா இளசா என்ற கணிப்பும் பிசகும்.

பல் எண்ணிக்கை அடுத்த சான்று. ஃப்ரேசர் டால்பினுக்கு ஒரு வரிசையில் 34 முதல் 44 பற்கள். மெலன்-ஹெட் திமிங்கிலத்துக்கு ஏறக்குறைய 20 முதல் 25 வரைதான். அங்கே சந்தேகமே வராது. கோடுடைய டால்பினுக்கு 40-இல் தொடங்கி 55 வரை போகும் என்பதால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதி உண்டு. பல்லை மட்டும் நம்பக்கூடாது, அண்ணத்தைத் தடவிப் பள்ளம் பார்க்கவேண்டும். நுனியிலுள்ள நுண்பற்கள் எளிதில் உதிர்ந்துவிடும் என்பதால் பல்லை எண்ணாமல் பற்குழிகளை எண்ணுவதே சரி. தோலில் ஒரு சிறு துண்டை 95 விழுக்காடு எத்தனாலில் போட்டுவைத்தால் டிஎன்ஏ தாங்கும். கையில் கிடைத்த ஃபார்மலினில் போட்டுவிடுவதால் வீணாகிப்போன மாதிரிகள் ஏராளம்; அது டிஎன்ஏவைச் சிதைக்கும். இரைப்பையை இருமுனையிலும் கட்டி எடுத்து, உள்ளிருப்பதை மெல்லிய சல்லடையில் அலசினால் மீன்களின் காதுக்கற்களும் கணவாய்களின் கிளிமூக்கு போன்ற தாடைகளும் தங்கும். சதை கரைந்த பிறகும் அவற்றைக்கொண்டு இரையின் இனத்தையும் அளவையும் சொல்லலாம். கீழ்த்தாடையின் நடுப்பகுதியிலிருந்து சில பற்களைப் பிடுங்கி, சுண்ணத்தை நீக்கி, மிக மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றினால், பற்திசுவில் ஆண்டுக்கு ஒன்றாகப் படிந்த வளையங்கள் தெரியும். அதுதான் வயது.

இந்த இனத்தின் வாழ்நாள் விவரங்களில் பெரும்பகுதி அப்படி வந்தவைதான். 1991-இல் ஜப்பானின் பசிபிக் கரையில் ஒரு கூட்டத்தை வளைத்துப் பிடித்துக் கொன்றார்கள். அதிலிருந்து எடுத்த பற்களும் இனப்பெருக்க உறுப்புகளுமே ஆதாரம். பெண்கள் 5 முதல் 8 வயதிலும் ஆண்கள் 7 முதல் 10 வயதிலும் முதிர்கின்றன. கர்ப்பம் சுமார் பன்னிரண்டரை மாதம். இரண்டு ஈற்றுகளுக்கு இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அந்தக் கூட்டத்தில் மிக மூத்ததற்கு 17.5 வயது. ஏழு வயதில் முதிரும் பெண் அந்த வயது வரை வாழ்ந்தால், எல்லாம் நன்றாக நடந்தும் ஐந்து குட்டிகள் ஈனலாம். அவற்றில் ஒரு பெண் குட்டியாவது வளர்ந்து தாயானால்தான் எண்ணிக்கை சரியாமல் நிற்கும்.

அதனால்தான் வலையில் சிக்கிச் சாவது கவலைக்குரியது. சுருக்குமடி வலை, இரவில் மிதக்கவிடும் செவுள் வலை, தென்னாப்பிரிக்காவில் குளிப்போரைச் சுறாக்களிடமிருந்து காக்கப் போடும் வலை என்று எல்லாவற்றிலும் இந்த இனம் சிக்கியது பதிவாகியிருக்கிறது. இலங்கையில் 1980-களில் மீன்களோடு கரைக்கு வந்த டால்பின்களிலும் இது இருந்தது. இந்தோனேசியா, தைவான், ஜப்பான், சிறிய அண்டிலிஸ் தீவுகளில் நேரடி வேட்டையும் நடந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1992-இல் தனது 185-ஆம் மீன்வள ஆணையின் மூலம் டால்பின் பிடிப்பைத் தடைசெய்தது. தடை வேட்டையை நிறுத்தலாம். தற்செயலாகச் சிக்குவதை நிறுத்தாது. டால்பின் ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு இருட்டில் துழாவும்போதும் செவுள் வலையின் மெல்லிய நூல் மங்கலாகவே அகப்படும். இரையைத் துரத்திக்கொண்டு மேலேறும் நேரத்தில் அதன் கவனம் வலையில் இருக்காது. சிக்கினால் மூச்சுக்கு மேலே வரமுடியாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது "குறைந்த கவலை" வகையில் இருக்கிறது. பரப்பும் மொத்த எண்ணிக்கையும் பெரிது என்பதால் உலக அளவில் அது நியாயமான முடிவு. ஆனால் ஒரு கடற்பகுதியில் வாழும் கூட்டங்களுக்கு அந்த வகைப்பாடு எந்த உறுதியும் தராது. சூலு கடலில் இழந்த விலங்குகளைக் கிழக்குப் பசிபிக்கின் லட்சங்கள் வந்து ஈடுகட்டப்போவதில்லை. அங்கே தேவைப்படுவது பெரிய கப்பல்கூட இல்லை. மீன் இறங்குதளத்தில் வந்துசேரும் ஒவ்வொரு டால்பினையும் வெறும் "டால்பின் 1" என்று எழுதாமல் இனத்தோடு எழுதுவது, தலையின் பக்கவாட்டுப் படம் ஒன்று, நேர்கோட்டு நீளம், எந்த வகை வலை, எவ்வளவு ஆழத்தில் போட்டது என்ற நான்கு குறிப்புகளைச் சேர்ப்பது. பத்து ஆண்டுகள் தொடர்ந்து இவை இருந்தால், எந்தப் பருவத்தில் எந்த வலையை எந்த ஆழத்தில் தவிர்ப்பது என்று அந்தக் கடலின் மீனவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு ஆதாரம் இருக்கும்.